இருப்பவர் இருக்க முடிகிறதா?
ஆளொழியும் ஐரோப்பியக் கிராமங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு



2020 ஜனவரி 7ஆம் தேதி மாட்ரிட்டில், ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு. பெத்ரோ சான்செஸ் பிரதமர் ஆவாரா, மாட்டாரா என்பது கேள்வி. ஆதரவு 167, எதிர்ப்பு 165, நடுநிலை 18. அந்த 167இல் ஒன்று தோமாஸ் கிதார்த்தே என்பவருடையது. தொழிலால் கட்டடக் கலைஞர். அவர் மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 166க்கு 166 என்று சமமாகி, சான்செஸுக்கு அன்றைக்குப் பதவி கிடைத்திருக்காது. கிதார்த்தே இடதுசாரியா வலதுசாரியா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அவரை அனுப்பிய அமைப்பின் பெயர் 'தெருவேல் இருக்கிறது'. தலைவர் பெயரோ கொள்கையின் பெயரோ கிடையாது. எங்கள் மாகாணம் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது என்பதே கட்சியின் பெயர், கொள்கை, தேர்தல் அறிக்கை எல்லாம்.

தெருவேல் ஸ்பெயினின் கிழக்குப் பகுதியில் உள்ள மலைநாட்டு மாகாணம். பரப்பு ஏறத்தாழ 14,800 சதுர கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரண்டரை லட்சம் பேர் இருந்தார்கள். இன்று 1,35,000 பேரை ஒட்டி. சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். அவர்களிலும் கால்வாசிக்கு மேல் தலைநகரில் இருக்கிறார்கள். மிச்சமுள்ளவர்கள் இருநூற்றுச் சொச்சம் ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களில் மாட்ரிட்டுக்கு நேரடி ரயில் இல்லாதது தெருவேல் ஒன்றுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்கள்.

'தெருவேல் இருக்கிறது' 1999இல் தொடங்கியது. தொடக்கத்தில் அது கேட்டவை எவை என்று பாருங்கள்: தீவிர சிகிச்சை வசதியுள்ள ஆம்புலன்ஸ், நல்ல சாலை, ஒழுங்கான ரயில். மக்கள்தொகையைக் கூட்டிக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மாரடைப்பு வந்தால் உயிரோடு மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். இன்று நான் சொல்ல வந்ததன் சாரமும் இதற்குள் இருக்கிறது. ஐரோப்பிய அரசுகள் முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தலையை எண்ணிக்கொண்டிருக்கின்றன. எண்ண வேண்டியது நிமிடங்களை. மருத்துவருக்கு எத்தனை நிமிடம், பள்ளிக்கு எத்தனை நிமிடம், வங்கிக்கு எத்தனை நிமிடம்? அந்தக் கணக்கு சரியாக இருந்தால் தலைக்கணக்கு ஓரளவு தானாக நிற்கும். நிற்காமல் போனாலும், இருக்கிற கிழவனும் கிழவியும் மனிதர்களாக இருந்துவிட்டுப் போவார்கள்.

இந்த ஊர்கள் எப்படிக் காலியாயின? 1950களிலும் 60களிலும் ஃபிராங்கோ ஆட்சியின் தொழில்மயம் மாட்ரிட், பார்சலோனா, பில்பாவோ நகரங்களுக்கு ஆட்களை இழுத்தது. கோவேறு கழுதை செய்த வேலையை டிராக்டர் செய்தது. இதெல்லாம் உலகம் முழுக்க நடந்ததுதான், விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லாரும் விருப்பப்பட்டுப் போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஹானோவாஸ் கதையைச் சொல்கிறேன்.

பைரனீஸ் மலையடிவாரத்தில் ஆரா ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. அங்கே அணை கட்டி மின்சாரம் எடுப்பது என்று திட்டம். 1960களில் நிலத்தைக் கையகப்படுத்தத் தொடங்கினார்கள். ஒரு குடும்பம் வெளியேறியதும் மின் நிறுவனத்தின் ஆட்கள் அந்த வீட்டை வெடிவைத்துத் தகர்த்தார்கள், திரும்பி வந்துவிடக் கூடாதே என்று. பக்கத்து வீட்டில் ஆள் குடியிருக்கும்போதே இது நடந்தது. 1966இல் பள்ளிக்கூடக் கதவை உடைத்து உள்ளே புகுந்து ஆசிரியையையும் பிள்ளைகளையும் வெளியே தள்ளினார்கள். பள்ளி போனால் பிள்ளை வைத்திருப்பவன் இருக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இன்றைய கொள்கை வகுப்பாளர் பலருக்கு இந்தத் தெளிவு கிடையாது. ஒரே ஒரு குடும்பம் மட்டும் 1984 வரை பிடிவாதமாக அங்கே இருந்தது. அதுவும் போனது.

அணை? கட்டவே இல்லை. 2001இல் சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் திட்டம் தோற்றது. அப்புறம் நிலத்தைத் திரும்ப வாங்கப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடையாய் நடந்தார்கள். தாத்தாவிடம் பறித்த மண்ணுக்குப் பேரன் பணம் கட்ட வேண்டியிருந்தது. இப்போது சில வீடுகளுக்கு மறுபடி கூரை ஏறியிருக்கிறது.

ஹானோவாஸில் வெடி வைத்தார்கள். மற்ற ஊர்களில் அதே வேலையைச் சுற்றறிக்கை செய்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளியை மூடு. பயணிகள் குறைந்துவிட்டார்கள், பஸ்ஸை நிறுத்து. பள்ளியும் பஸ்ஸும் இல்லாததால் இன்னும் நாலு குடும்பம் போகும். அதைக் காட்டி அஞ்சலகத்தை மூடலாம். ஒவ்வொரு முடிவும் தனியே பார்த்தால் நியாயமானதாகத் தெரியும், கணக்குப் புத்தகத்தில் சரியாக உட்காரும். கூட்டிப் பார்க்க ஒருவரும் பொறுப்பில்லை.

வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் ஸ்பெயினில் சுமார் 45,000 வங்கிக் கிளைகள். நெருக்கடி வந்தது, சேமிப்பு வங்கிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, 2021 முடிவில் 20,000க்கும் கீழே. மூடப்பட்டவற்றில் நிறையக் கிராமங்களின் ஒரே கிளை. செல்போனில் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். கார்லோஸ் சான் ஹுவான் என்று வலென்சியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர், வயது 78, நடுக்குவாத நோய். ஏடிஎம் திரையில் விரல் ஒரு இடத்தில் நிற்காது. 'வயதானவன்தான், முட்டாள் இல்லை' என்று ஒரு மனு தொடங்கினார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து. 2022 பிப்ரவரியில் வங்கிகள் முதியவர்களுக்கு நேரில் சேவை தருவதாக அரசின் முன்னிலையில் ஒப்புக்கொண்டன. அவர் நகரவாசி என்பதைக் கவனியுங்கள். நகரத்திலேயே இப்படியென்றால், அடுத்த கிளைக்கு முப்பது கிலோமீட்டர் போக வேண்டிய, கார் ஓட்டும் உரிமத்தைக் கண்பார்வை காரணமாகப் புதுப்பிக்க முடியாத ஒரு கிராமத்துக் கிழவியின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

முதுமை என்றதும் இந்த விவாதங்களில் ஒரு பெருமூச்சு கேட்கும். சமோரா, ஓரென்சே போன்ற மாகாணங்களில் மூன்றில் ஒருவர் 65ஐத் தாண்டியவர் என்ற நிலை வந்துவிட்டது. உடனே முதியோர் ஒரு சுமை என்ற தொனியில் அறிக்கைகள் எழுதப்படுகின்றன. அந்த முதியோர் போகாமல் இருந்ததால்தான் ஊர் என்று ஒன்று மிச்சம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். போன பிள்ளைகள் ஆகஸ்டு மாதத் திருவிழாவுக்கு வருகிறார்கள். நாற்பது பேர் உள்ள ஊரில் முந்நூறு பேர், தெருவில் மேசை போட்டுச் சாப்பாடு, விடியும்வரை ஆட்டம். செப்டம்பரில் ஜன்னல்கள் மறுபடி மூடிக்கொள்ளும். அந்த வீடுகளை வாடகைக்குக் கேட்டால் கிடைக்காது: சொத்து ஏழு வாரிசுகளின் பெயரில் இருக்கும், ஒருவர் பார்சலோனாவில், ஒருவர் அர்ஜென்டினாவில், ஒருவர் யாரோடும் பேசுவதில்லை. ஊர் முழுக்கக் காலி வீடு, குடியேற வருகிறவனுக்கு ஒரு வீடில்லை. ஆளொழிந்த ஸ்பெயினின் மிக வினோதமான முரண் இதுதான்.

இன்னொன்று. முதலில் போனவர்கள் யார்? பெண்கள். நிலம் மகனுக்குப் போனது, மகளுக்குப் படிப்பு போனது. படித்தவளுக்கு ஊரில் வேலை இல்லை, இருந்தால் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பெண்கள் போனதும் ஊரில் மணமாகாத ஆண்கள் மிஞ்சினார்கள். 1985இல் பைரனீஸில் உள்ள பிளான் என்ற ஊரின் ஆண்கள் செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தார்கள், 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் மணமகள்கள் தேவை என்று. தொலைக்காட்சியில் பார்த்த ஒரு பழைய அமெரிக்கப் படம் கொடுத்த யோசனை. பஸ் நிறையப் பெண்கள் வந்தார்கள், விருந்து நடந்தது, சில கல்யாணங்களும் நடந்தன. நாடே சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. பிரச்சினையின் மூலத்தைச் சரியாகப் பிடித்த முதல் ஊர் அதுவாக இருக்கலாம். ஆனால் மருந்து தவறு. போன பெண்கள் ஏன் போனார்கள் என்று கேட்காமல், வேறு பெண்களை வரவழைத்தார்கள்.

ஆளை வரவழைத்து ஊரை நிரப்பும் இந்த யோசனை அதன்பின் பல வேடங்களில் வந்தது. தெருவேல் மாகாணத்தின் அகுவாவிவா ஊராட்சித் தலைவர் 2000ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவிலிருந்து குடும்பங்களை அழைத்தார். சின்ன வயதுப் பிள்ளைகள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், சில ஆண்டுகள் தங்க ஒப்புக்கொள்ள வேண்டும், வீடும் வேலையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். ருமேனியக் குடும்பங்களும் வந்தன. பள்ளி நிரம்பியது, உலகப் பத்திரிகைகள் வந்து எழுதின. வந்தவர்களில் பலர் ஒப்பந்தக் காலம் முடிந்ததும், சிலர் அதற்கு முன்பே, நகரத்துக்குப் போய்விட்டார்கள். உள்ளூர்க்காரன் எந்தக் காரணத்துக்காகப் போனானோ அதே காரணத்துக்காக.

இத்தாலியில் 1 யூரோ வீடு. நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிசிலியின் சம்பூகா போன்ற ஊர்களில் இடிந்த வீட்டை ஒரு யூரோவில் ஏலம் தொடங்கி விற்றார்கள். மூன்றாண்டில் புதுப்பிக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்ட வேண்டும். வாங்கியவர்களில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய; கோடையில் வந்துபோகிறார்கள். கொத்தனாருக்கு வேலை கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பள்ளிக்குப் பிள்ளை கிடைக்கவில்லை.

ரியாச்சே வேறு மாதிரி. இத்தாலியின் தென்கோடி, கலாப்ரியா. 1998இல் குர்து அகதிகளோடு ஒரு படகு அந்தக் கரையில் ஒதுங்கியது. ஆள் போன வீடுகளைத் திறந்துவிட்டார்கள். 2004இல் ஊராட்சித் தலைவரான தொமேனிகோ லுகானோ அதை ஒரு முறையாகவே ஆக்கினார்: அகதிக்கு வீடு, பட்டறை, ஊருக்குப் பள்ளியும் கடையும். 2018இல் அவரைக் கைது செய்தார்கள். முதல் நீதிமன்றம் 13 ஆண்டுச் சிறை என்றது; 2023இல் மேல்முறையீட்டில் அது பதினெட்டு மாதமாகச் சுருங்கி நிறுத்திவைக்கப்பட்டது. 2024இல் அதே ஊர் அவரை மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அந்த வழக்கின் சரி தப்பை இங்கே அலச நேரமில்லை. ரியாச்சே வாழ்ந்த ஆண்டுகளில் ரோமிலிருந்து வந்த நிதியில் வாழ்ந்தது, நிதி நின்றதும் வாடியது. அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரிசையில் நம் ஆட்களுக்கும் ஒரு இடம் உண்டு. நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில், குளிர்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் உதிக்காத கடற்கரைக் கிராமங்களில், 1980களிலிருந்து ஈழத் தமிழர்கள் மீன் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தார்கள். சிலர் ஸ்வான்விக்கில் இருந்த மக்கள் கல்லூரிக்கு மாணவர்களாக வந்து அப்படியே தொழிற்சாலைக்குப் போனவர்கள். நார்வே இளைஞர்கள் விட்டுப்போன இடத்தில் நின்று காட் மீனை வெட்டித் துண்டுபோட்டார்கள். ஆள் கிடைக்காமல் தவித்த ஆலைகள் ஓடின, வகுப்பறைகளில் தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பிறகு அவர்களில் பெரும்பாலோர் தெற்கே ஒஸ்லோவுக்குப் போனார்கள்: பிள்ளைகளின் மேற்படிப்பு, உறவுகள், ஒரே தொழிற்சாலையை நம்பாத வேலை. குறை சொல்ல முடியுமா? யாழ்ப்பாணத்துத் தாய் தன் மகளுக்கு என்ன வேண்டினாளோ அதையேதான் நார்வேஜியத் தாயும் தன் மகளுக்கு வேண்டினாள்.

நார்வே அரசு இதில் மற்றவர்களை விடப் புத்திசாலி. 1990இல் ஃபின்மார்க்கையும் வட திரோம்ஸையும் சிறப்பு மண்டலமாக்கியது. அங்கே வேலை செய்தால் கல்விக் கடனில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு, ஒரு வரம்புக்கு உட்பட்டுத் தள்ளுபடி. வருமான வரி குறைவு. ஆளுக்கு வேலை தருபவர் சமூகக் காப்பீட்டுத் தொகை கட்ட வேண்டாம். படித்தவரைக் குறிவைத்த திட்டம் என்பதைப் பாருங்கள்: ஆசிரியை, செவிலியர், பொறியாளர். ஃபின்மார்க்கின் மக்கள்தொகை முப்பது ஆண்டுகளாக 75,000ஐ ஒட்டியே நிற்கிறது. அல்தா போன்ற நகரம் வளர்கிறது, கடலோரச் சிற்றூர்கள் இன்னும் தேய்கின்றன. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடைமழை போலப் பணத்தைக் கொட்டாமல், எந்த மனிதர் போனால் ஊர் நிற்காதோ அவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள்.

நான் அதிகம் மதிப்பது இரண்டு சின்ன உதாரணங்களை. ஒன்று, அதே தெருவேல் மாகாணத்தின் சரியோன். ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளான், கறுப்பு வகை, சமையல் உலகில் தங்கவிலை. கருவாலி நாற்றின் வேரில் காளான் வித்தைச் சேர்த்து நட வேண்டும். முதல் விளைச்சலுக்கு எட்டுப் பத்து ஆண்டு பொறுக்க வேண்டும். குளிர்காலத்தில் நாய் மோப்பம் பிடித்துக் காட்டும், மண்ணைக் கீறி எடுப்பார்கள். வேறெதுவும் விளையாத சுண்ணாம்புக் கரடு அதற்குத் தோதான மண். இளைஞர் சிலர் தங்கினார்கள், சிலர் திரும்பி வந்தார்கள். பத்தாண்டு காத்திருந்து பலன் பார்க்கும் பயிரை ஓடிப்போக நினைப்பவன் நடமாட்டான். இப்போது அவர்கள் குறை, வேலைக்கு வருபவர் தங்க வாடகை வீடு இல்லை என்பது.

மற்றொன்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் எக் என்ற தீவு. முன்பு அங்கே தீவு முழுவதும் ஒரு நிலப்பிரபுவின் சொத்து. அவர் விற்றால் தீவோடு குடியிருப்பவர்களும் கைமாறியது போலத்தான். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போடவும் அவர் தயவு வேண்டும். 1997இல் அறுபது சொச்சம் பேரே இருந்த அந்தத் தீவுக்காரர்கள், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, சுமார் 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கினார்கள். 2008இல் காற்று, வெயில், ஓடை மூன்றிலிருந்தும் மின்சாரம் எடுத்துச் சொந்த மின்வலை அமைத்தார்கள். வீட்டுக்கு 5 கிலோவாட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் இழுக்கக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இப்போது நூறு பேரைத் தாண்டிவிட்டார்கள். நாற்பது ஐம்பது பேர் கூடியதை ஒரு செய்தியா என்று கேட்கலாம். பள்ளி நடக்கிறதா இல்லையா என்பது அங்கே அந்த நாற்பதில்தான் இருக்கிறது.

எக் தீவில் காற்றாலை ஊருக்குச் சொந்தம். தெருவேலில் கதை வேறு. அந்தோரா என்ற ஊரின் நிலக்கரி மின்நிலையம் 2020இல் மூடப்பட்டது. 343 மீட்டர் புகைபோக்கியை 2023இல் தகர்த்தார்கள். அதே மாகாணத்தின் மலைமுகடுகளில் இப்போது பெருநிறுவனங்களின் காற்றாலைத் திட்டங்கள். மின்சாரம் வெளியே போகும். 'புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வேண்டும், இப்படி வேண்டாம்' என்பது அங்கத்திய முழக்கம். ஆளில்லாத இடம்தானே என்ற நினைப்பில்தான் அணைக்கும் நிலம் எடுத்தார்கள், காற்றாலைக்கும் எடுக்கிறார்கள். வரைபடத்தில் காலியாகத் தெரிவது, அங்கே ஆடு மேய்ப்பவனுக்குக் காலி இல்லை.

நிமிடக் கணக்கு என்று சொன்னேன். அதை முறையாகப் போட்டது இத்தாலி. ஃபப்ரீட்சியோ பார்கா அமைச்சராக இருந்தபோது உருவாகி 2014இல் நடைமுறைக்கு வந்த 'உள்பகுதிகள் திட்டம்', நாட்டின் ஒவ்வொரு ஊராட்சியையும் பயண நேரத்தால் வகைப்படுத்தியது. அவசரப் பிரிவுள்ள மருத்துவமனை, முழுமையான மேல்நிலைப் பள்ளிகள், ஓரளவு பெரிய ரயில் நிலையம் மூன்றும் உள்ள ஊர் மையம். அங்கிருந்து 20 நிமிடத்துக்குள் இருந்தால் புறநகர், 40 வரை இடைநிலை, 75 வரை விளிம்பு, அதற்கும் மேல் கடைவிளிம்பு. ஏழை ஊர், பணக்கார ஊர் என்று பிரிக்காமல், மனிதன் எவ்வளவு நேரம் பயணிக்க வேண்டும் என்று பிரித்தார்கள். நிர்வாக ஆவணங்களில் நான் இவ்வளவு மனிதத்தன்மையை அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அதே இத்தாலியில் 2025இல் வெளியான புதிய திட்ட ஆவணம், சில பகுதிகளின் தேய்வு இனித் திரும்பாது, அவற்றை அந்த முடிவை நோக்கிக் கைபிடித்து நடத்திப்போகலாம் என்ற பொருளில் பேசியது. ஆயர்கள் முதல் ஊராட்சித் தலைவர்கள் வரை கொதித்தார்கள். நான் இரு பக்கமும் யோசித்துப் பார்த்தேன். எல்லா ஊரும் பிழைக்காது, அது உண்மை. ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவில் 1930இல் எஞ்சியிருந்த 36 பேர் தாங்களே மனு எழுதிக் கப்பல் கேட்டு வெளியேறினார்கள். ஆனால் மனு எழுதியவர்கள் அவர்கள். முடிவு அவர்களுடையது. தலைநகரில் உட்கார்ந்து ஒரு ஊருக்குக் காலம் முடிந்தது என்று எழுதினால், அந்த வரியைப் படிக்கும் வங்கியும் பஸ் நிறுவனமும் மறுநாளே மூட்டை கட்டும். அப்புறம் கணிப்பு பலிக்காமல் என்ன செய்யும்?

ஐரோப்பியக் கணக்கில் இன்னொரு இடக்கும் இருக்கிறது. ஸ்பெயின் கிராமத்துப் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ருமேனியாவிலிருந்தோ பல்கேரியாவிலிருந்தோ வந்தவள். அவளுடைய அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். 1989இல் கிட்டத்தட்ட 90 லட்சம் பேர் இருந்த பல்கேரியாவில் 2021 கணக்கெடுப்பின்படி 65 லட்சம் பேர். எங்கும் போகலாம் என்ற உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தின் பெருமை. அந்த உரிமைக்கு இந்த ஊர்கள் விலை கொடுத்திருக்கின்றன. இத்தாலியின் முன்னாள் பிரதமர் என்ரிகோ லெத்தா 2024இல் தந்த அறிக்கையில், போகும் சுதந்திரத்தோடு தங்கும் சுதந்திரமும் வேண்டும் என்று எழுதினார். நல்ல வாசகம். பணம் எங்கே என்று பார்க்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் 2028இலிருந்து தொடங்கும் வரவுசெலவுத் திட்ட முன்வரைவை வைத்தது. இதுவரை தனித்தனியாக இருந்த வேளாண் மானியத்தையும் பின்தங்கிய வட்டாரங்களுக்கான நிதியையும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே பெருந்திட்டமாகச் சேர்ப்பது அதன் அடிப்படை. சேர்த்தால் எளிமையாகும் என்கிறார்கள். எளிமையாகும்தான், மாட்ரிட்டுக்கும் ரோமுக்கும் சோபியாவுக்கும். பணத்தைப் பிரிக்கும் மேசையில் நிதியமைச்சகம் இருக்கும், விவசாயச் சங்கங்கள் இருக்கும், பெருநகர மேயர்கள் இருப்பார்கள். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர் உள்ள மாகாணத்துக்கு அங்கே நாற்காலி கிடைக்க, ஒவ்வொரு முறையும் ஒரு பிரதமரின் பதவி ஒற்றை வாக்கில் தொங்க வேண்டியிருக்குமா? தெருவேல்காரர்கள் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.